நீவெஸ் சொல்லிவிட்ட வார்த்தை

தானாகப் படம் போட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்ன செய்ய வேண்டும்? நன்றாக இருக்கிறது என்று சொன்னால், குழந்தை நமக்காகப் போட ஆரம்பித்துவிடும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், நாம் எப்போது வாயைத் திறப்போம் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடலாம். நீவெஸ் சிங்கொலானி என்ற பாலர் பள்ளி ஆசிரியையின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விட்டது என்று, அவளோடு பல வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்த ரொசெல்லா நினைக்கிறாள். சில நாள் பதில் சொன்னது போலவும் தோன்றும். மறுநாள் அது கலைந்துவிடும்.

மார்க்கே மலைப் பக்கத்தில், காகித ஆலையை நம்பி வாழும் சிற்றூர் அது. மாண்டிசோரி அம்மையார் பிறந்த ஊர் ரயிலில் கொஞ்ச தூரம்தான். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை உண்டு, ஆனால் தங்கள் ஊர் சலாமி இறைச்சி மீது இருக்கும் பெருமையில் பாதிகூட இருக்காது. பள்ளியில் இருந்த பிரிவுகளில் ஒன்று மட்டும் மாண்டிசோரி முறைப்படி நடந்தது. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் ஒன்றாக இருப்பார்கள். தட்டும் கண்ணாடித் தம்ளரும் அவர்களே எடுத்து வைத்து, அவர்களே சூப் ஊற்றிக்கொள்வார்கள். பூ ஜாடிக்குத் தண்ணீர் மாற்றுவார்கள். ஆசிரியைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காலைக்கு நீவெஸ், பிற்பகலுக்கு ரொசெல்லா, நடுவே சில மணி நேரம் இருவரும்.

நீவெஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் தனியாக இருந்தாள். தக்காளிக் குழம்பு வைத்தால் புளிக்கும், அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது. பள்ளிக்குப் பின்புறம் குப்பைத் தொட்டிகளின் மறைவில் ஒரு சிகரெட் பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மண் தளத்தில் ஆண்களோடு சேர்ந்து பந்து உருட்டி விளையாடுவாள். அவள் அணி ஆள் பந்தை, குறியாக வைத்த சின்னப் பந்தோடு ஒட்டி நிறுத்திவிட்டால் மற்றவர்கள் கத்தி ஆர்ப்பாட்டம் செய்வார்கள். நீவெஸ், "தொட்டுடுச்சு" என்பாள். அவ்வளவுதான்.

அந்த நாட்டில் 'அழகு' என்ற வார்த்தைக்கு விலையே இல்லை. காபி அழகு, தக்காளி அழகு, கோலுக்குள் போன பந்து அழகு. பக்கத்து வீட்டுக்காரரைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போதுகூட, "அழகான சாவு, நிறைய பேர் வந்திருந்தாங்க" என்பார்கள். குழந்தை மூக்கைச் சிந்தினால் வீடே சபாஷ் போடும். அப்படிப்பட்ட ஊரில் நீவெஸ் எந்தக் குழந்தையின் எந்த வேலையையும் புகழ்ந்ததில்லை. குறை சொன்னதும் இல்லை. குழந்தை எதையாவது கொண்டு வந்து நீட்டினால், உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டு, முழுதாகப் பார்ப்பாள். "இங்க நீலத்த அழுத்தித் தேய்ச்சிருக்க" என்பாள். குழந்தையும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடும்.

அவள் அம்மா முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணிடமும் "அழகு, அழகு" என்பாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பியதும் வேறு மாதிரி சொல்வாள். நீவெஸ் அந்தக் கடையில் முடி பெருக்கி வளர்ந்தவள். இதுதான் காரணம் என்று முடித்துவிடலாம். ஆனால் அவளுடைய அக்காளும் அதே கடையில் அதே முடியைப் பெருக்கியவள்தான், அவள் தன் நாய் கொட்டாவி விட்டால்கூடப் புகழ்வாள். ஆகவே ரொசெல்லா அந்தக் காரணத்தை நம்புவதில்லை.

ரொசெல்லா சாதாரணப் பாலர் பள்ளியில் நெடுங்காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவள். நீவெஸைவிட இரண்டு வயதுதான் சின்னவள். அந்தப் பள்ளிகளில் மார்ச் மாதம் புனித யோசேப்பு நாள் வந்தால், அது அப்பாக்களின் நாள் என்பதால், ஒவ்வொரு குழந்தையும் அப்பாவுக்கு ஒரு கைவேலை கொண்டுபோக வேண்டும். ரொசெல்லா தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வகுப்பு முழுவதற்கும் காகித டை வெட்டுவாள். குழந்தைகள் ஆளுக்கொரு பொத்தான் ஒட்டுவார்கள். அப்பாக்கள் கண் கலங்குவார்கள். வந்த வருஷமே அதை இங்கேயும் செய்யலாமா என்று கேட்டாள்.

"பொத்தான் ஒட்டுறது யாரு?" என்றாள் நீவெஸ்.

"குழந்தைங்க."

"மீதி?"

"நான்தான்."

"அப்ப அந்த டையப் பாக்குறப்ப எல்லாம் அவங்களுக்கு உன் ஞாபகம்தான் வரும். ஊர்ல அத்தன பொண்டாட்டிமாருக்கும் நீ பதில் சொல்லுவியா?"

ரொசெல்லா சிரித்துவிட்டாள். டை அத்தோடு போயிற்று.

ஆனால் குழப்பம் போகவில்லை. இங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரு முறை இருந்தது. இளஞ்சிவப்புக் கட்டைகள் கோபுரம் கட்டுவதற்கு, பெரியதிலிருந்து சின்னதாக. ஒரு பையன் அவற்றைத் தரையில் வரிசையாக வைத்து ரயில் ஓட்டியபோது, தடுக்க வேண்டுமா, ஊக்கப்படுத்த வேண்டுமா என்று ரொசெல்லா கேட்டாள்.

"அவன் கட்டையப் பாத்துக்கிட்டு ஓட்டுறானா, என்னையப் பாத்துக்கிட்டு ஓட்டுறானா?" என்றாள் நீவெஸ்.

"கட்டையத்தான்."

"அப்ப நமக்கு அங்க வேல இல்ல."

இது சுதந்திரமா, அலட்சியமா? ரொசெல்லாவால் கடைசி வரை தீர்மானிக்க முடியவில்லை. அந்த அறையில் நடந்ததைப் போலக் கவனமான வேலையை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை. கொஞ்சம் குளிராகவும் இருந்தது அங்கே.

ஜனவரியில் புனித அந்தோனியார் நாளன்று சர்ச் வாசலில் கால்நடைகளுக்கு ஆசீர்வாதம் நடக்கும். அந்த வருஷம் மழை. மலையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த கழுதை நனைந்த கல் தரையில் வழுக்கி வழுக்கி, பாதிரியார் தெளித்த தண்ணீருக்கு மிரண்டு, பெரிய ரகளை ஆகிவிட்டது. ஊரே அங்கே நின்று பார்த்துச் சிரித்தது.

மறுநாள் வகுப்பில் தெக்லா என்ற பெண் குழந்தை உலோகச் சட்டங்களின் அலமாரிக்குப் போனாள். ஐந்து வயது முடிந்தவள், செப்டம்பரில் பெரிய பள்ளிக்குப் போக வேண்டியவள். சட்டத்தின் நடுவில் உள்ள வடிவத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து உள்ளே நிரப்புவதுதான் அந்த வேலை. கைக்குப் பழக்கம், எழுத்துக்கு முன்னேற்பாடு. தெக்லா முட்டை வடிவத்தை எடுத்துக் கோடு இழுத்தாள். பிறகு சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முட்டைக்குக் கீழே கால் போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக, சாய்ந்தும் மடங்கியும் விரிந்தும், கறுப்புப் புதர் மாதிரி கால்கள்.

ரொசெல்லா அப்போதுதான் உள்ளே வந்து மேல்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டாள். "ஐயோ, என்ன இது, இத்தன காலு?"

"வழுக்குது" என்றாள் தெக்லா, தலை நிமிராமல்.

"கழுதைக்கு நாலு கால்தானே?"

"நாலுதான். வழுக்குறப்ப நெறைய."

நீவெஸ் பின்னால் நின்றிருந்தாள். குனிந்து பார்த்தாள். வழக்கம் போலக் கண்ணாடியைத் தள்ளினாள். பிறகு, கையிலிருந்து ஏதோ நழுவி விழுவது போல அவள் வாயிலிருந்து அது விழுந்தது.

"அழகு."

அடுத்த மேசையில் ஜாடியிலிருந்து ஜாடிக்கு உலர்ந்த பீன்ஸ் கொட்டைகளை ஊற்றிக்கொண்டிருந்த எலியா என்ற பையன் ஜாடியைக் கீழே வைத்தான். "நீவெஸ் அழகுன்னு சொல்லிச்சு!"

"கெட்ட வார்த்தையா?" என்று கேட்டது அவன் பக்கத்தில் இருந்த சின்னது.

"இல்ல. ஆனா சொல்லிச்சு."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தெக்லா பென்சிலைப் பிடித்தபடி நிமிர்ந்து நீவெஸின் முகத்தைப் பார்த்தாள். ரொசெல்லாவுக்கு அந்தப் பார்வை இனிமையாகத்தான் இருந்தது. குழந்தைக்கு சந்தோஷம், வேறென்ன? நீவெஸ் மட்டும் எதையோ உடைத்துவிட்டவள் போல நேரே துடைப்பம் வைத்திருக்கும் மூலைக்குப் போய், பெருக்கத் தேவையில்லாத தரையைப் பெருக்கினாள்.

மறுநாள் தெக்லா வந்ததும் முட்டைச் சட்டத்தை எடுத்தாள். கழுதை. நீவெஸிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீவெஸ், பாரு."

"காலுக்குக் கறுப்பு எடுத்திருக்க."

தெக்லா போகவில்லை. நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய் இன்னொரு கழுதை போட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கழுதை. அடுத்த வாரமும். காகித ஆலையில் வேலை பார்த்த தெக்லாவின் அப்பா மிர்கோ, கழித்துப் போட்ட தாள்களை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பவன். அங்கே காகிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. கழுதைகள் பெருகின. மாறவும் செய்தன. முதல் கழுதையின் கால்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாது. இப்போதோ கால்கள் நேராகி, சம இடைவெளியில், சீப்பின் பற்கள் போல வரிசையாக வந்தன. ஒரு நாள் தெக்லா படுத்திருக்கும் கழுதை ஒன்று போட்டாள். அதற்கும் சீப்பு இருந்தது.

"இது படுத்திருக்குல்ல, வழுக்கலியே?" என்றாள் ரொசெல்லா.

"கழுதைக்கு இப்படித்தான்" என்றாள் தெக்லா.

பிறகு எலியாவும் கழுதை போட்டான். சின்னதுகளும் போட்டன. முட்டைச் சட்டத்துக்கு வரிசை நின்றது. மற்றச் சட்டங்களில் தூசி படிந்தது.

"இது குழந்தைங்க வீடா, தொழுவமா?" என்று ரொசெல்லா பின்புறம் குப்பைத் தொட்டி அருகே கேட்டுச் சிரித்தாள். நீவெஸ் சிகரெட்டைப் பற்ற வைத்தாள். சிரிக்கவில்லை.

"நான்தான் கெடுத்துட்டேன்."

"ஒரு வார்த்த சொன்ன. அவ்வளவுதானே! நான் வேல பாத்த பள்ளிக்கூடத்துல நாளைக்கு நூறு தடவ சொல்லுவேன். ஒருத்தரும் கெட்டுப் போகல."

"அதான். நூறு தடவ சொன்னா அது காத்து மாதிரி. நான் சொல்லாமயே இருந்தேன்ல? சேத்து வச்சிருந்த மாதிரி ஆயிடுச்சு. அத்தனையும் அந்தப் பொண்ணு தலைல கொட்டிட்டேன்."

"அப்ப உன் மேலதான் தப்புன்னா, சொன்னது தப்பா, இத்தன வருஷமா சொல்லாம இருந்தது தப்பா?"

இதைக் கேட்டுவிட்டு ரொசெல்லாவே திகைத்துப்போனாள். இப்படி ஒரு கேள்வி தன் வாயிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நீவெஸ் சிகரெட் விரலைச் சுட்டபோதுதான் அதைக் கீழே போட்டாள்.

"செப்டம்பர்ல அவ போயிடுவா," என்றாள். "அதுக்குள்ள ஒரு தடவயாவது அவ தனக்குன்னு ஒண்ணு போட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

குழந்தையை மாற்றாதே, சூழலை மாற்று என்பது அவர்கள் முறை. நீவெஸ் மாற்றினாள். களிமண் தட்டு ஒன்றைத் தயார் செய்து வைத்தாள். தெக்லா களிமண்ணில் கழுதை செய்தாள், காலுக்குத் தீக்குச்சி வரிசை. உலர்ந்த இலைகள் வைத்தாள். இலைக் கழுதை. முட்டைச் சட்டத்தைப் பழுது பார்க்கவென்று எடுத்து ஒளித்தாள். தெக்லா தம்ளரின் வாயை வைத்து வட்டம் இழுத்துக் கழுதையாக்கினாள். ஒவ்வொன்றையும் கொண்டுவந்து நீட்டினாள், ஒவ்வொன்றுக்கும் நின்றாள். அந்த நிற்றலைத்தான் ரொசெல்லாவால் தாங்க முடியவில்லை. அழுவதில்லை, கெஞ்சுவதில்லை, சும்மா நிற்பாள். பேருந்து வருமா என்று பார்ப்பவர்கள் நிற்பது போல.

ஒரு நாள் நீவெஸ் முழந்தாளிட்டுக் குழந்தையின் உயரத்துக்கு வந்தாள்.

"உனக்கு எப்படி இருக்கு இது? நீ சொல்லு."

தெக்லா யோசித்தாள். "நீ அழகுன்னு சொன்ன."

"அது அன்னைக்குப் போட்டத."

"இது இல்லியா?"

ரொசெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுகளை எண்ண ஆரம்பித்தாள். நீவெஸ் உண்டு என்றால் பொய், இல்லை என்றால் கொலை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் பொய்யைச் சொல்லிவிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டிருப்பாள், யோசித்திருக்கவே மாட்டாள். யோசிக்காமல் இருப்பது ஒரு வரம்தான் என்று அன்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மிர்கோவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆலைக்குப் போகும் வழியில் பாரில் நின்று காபி குடித்துக்கொண்டே கழுதையை எல்லாருக்கும் காட்டுவான். "நீவெஸ் டீச்சர் அழகுன்னு சொல்லியிருக்காங்க. யாரு? நீவெஸ் டீச்சர்! அந்தம்மா போப்பாண்டவர் வந்து நின்னாக்கூட, 'வெள்ள உடுப்புப் போட்டிருக்கீங்க'ன்னுதான் சொல்லும்." பார் குலுங்கும். ஊரில் பலர் அந்த அறையில் படித்தவர்கள், பட்ட அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் கழுதையை மரியாதையோடு வாங்கிப் பார்ப்பார்கள்.

தலைமையாசிரியையும் பார்த்தாள். வசந்தத்தில் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டம் நடக்க இருந்தது, 'குழந்தையும் படைக்கும் ஆற்றலும்' என்று தலைப்பு. பெருஜியாவிலிருந்து ஒரு பெண்மணி பேச வருவதாக ஏற்பாடு. அழைப்பிதழில் தெக்லாவின் கழுதையைப் போடலாம் என்று தலைமையாசிரியை முடிவு செய்தாள். குவியலிலிருந்து அவள் எடுத்தது சீப்புக்கால் கழுதை ஒன்றை. "இது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"

"வேண்டாம்" என்றாள் நீவெஸ்.

"ஏன்? உங்க வகுப்புக்குத்தானே பெருமை."

நீவெஸால் காரணம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்தக் கழுதை நன்றாக இல்லை என்று ஆகிவிடும், அது மிர்கோ காதுக்குப் போகும், அங்கிருந்து தெக்லாவுக்குப் போகும். "போடுறதுன்னா மொதல்ல போட்டதப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதல் கழுதையைத் தேடினார்கள். வீட்டில் இருக்குமா என்று தெக்லாவையே கேட்டாள் ரொசெல்லா.

"அத அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள் தெக்லா.

"ஏன்டி செல்லம்?"

"அசிங்கமா இருந்துச்சு. கால் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. இப்பத்தான் எனக்கு நல்லாப் போட வருது."

நீவெஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் தாடைக்கு வந்தன. அன்று மதியம் அவள் சூப் குடிக்கவில்லை. எலியா அவளுக்காக ஊற்றிவைத்தது ஆறிப்போயிற்று.

யோசேப்பு நாளுக்கு முந்திய திங்கட்கிழமை. ரொசெல்லா வகுப்புக்குள் நுழைந்தபோது ஏதோ விசேஷம் நடப்பது போல இருந்தது. எலியா தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அழகாத் துடைக்கிற, எலியா!" என்றாள் நீவெஸ்.

ரொசெல்லா கோட்டைக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

"சபாஷ்! பொத்தான் போட்டுட்டியா? அழகு. அட, இந்தக் கோபுரத்தப் பாரு! அழகு. அது விழுந்தாலும் அழகுதான்."

நீவெஸின் குரல் அதற்குப் பழகியிருக்கவில்லை. புதுச் செருப்புப் போட்டு நடப்பவள் போல ஒவ்வொரு அழகிலும் கொஞ்சம் தடுமாறினாள். ஆனால் நிறுத்தவில்லை. மூக்கைச் சிந்தியதற்கு, செருப்பை மாற்றிப் போட்டதற்கு, மாற்றாமல் போட்டதற்கு, ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவுக்கு. குழந்தைகள் முதலில் பயந்தார்கள். பிறகு சிரித்தார்கள். மதியத்துக்குள் பழகிவிட்டார்கள்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் ரொசெல்லா, காபி கொடுக்கும்போது.

"ஒண்ணும் ஆகல. இந்தக் காப்பி அழகா இருக்கு."

"கேலி பண்றியா?"

"உன் கழுத்துத் துணியும் அழகா இருக்கு."

தெக்லா கழுதையோடு வந்தாள். வழக்கம் போல நீட்டினாள், வழக்கம் போல நிற்பதற்குத் தயாரானாள்.

"அழகு" என்றாள் நீவெஸ். உடனே திரும்பி, பக்கத்தில் காரட் நறுக்கிக்கொண்டிருந்த சின்னதிடம், "இதுவும் அழகு" என்றாள்.

தெக்லா காரட்டைப் பார்த்தாள். தன் தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது என்ன என்று ரொசெல்லா இன்றுவரை யோசிக்கிறாள். ஏமாற்றமா, நிம்மதியா? ஒரு ஐந்து வயதுக் குழந்தையின் முகத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு நமக்குக் கண் இருக்கிறதா என்பதே சந்தேகம்தான்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. "அப்பாமாருக்கு டை வெட்டணும்னா வெட்டிக்கோ, அழகா இருக்கும்" என்றாள் நீவெஸ். எத்தனை வருஷம் ரொசெல்லா இதற்குக் காத்திருந்தாள்! கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள். ஏனோ வெட்டப் பிடிக்கவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. வயதாகிறது, மனசு இளகிவிட்டது என்றார்கள் சிலர். அந்த வகுப்பில் ஒரு அழகும் கேட்காமல் வளர்ந்தவர்களுக்குக் கோபம். பெருஜியாவிலிருந்து வந்த பெண்மணி கூட்டத்துக்கு முன் வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். கையில் சீப்புக்கால் கழுதை போட்ட அழைப்பிதழ். நீவெஸ் வரிசையாக அழகு சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து தலைமையாசிரியையிடம் மெதுவாக, "இவங்க முறையாப் பயிற்சி எடுத்தவங்கதானே?" என்று கேட்டாள். அது நீவெஸ் காதில் விழுந்தது. "எடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மிர்கோ வாசலில் வைத்தே கேட்டுவிட்டான்.

"டீச்சர், எல்லாருக்கும் சொல்றீங்களாமே?"

"ஆமா."

"காரட்டு நறுக்குனதுக்குக்கூடவா?"

"அழகா நறுக்கியிருந்தது."

"அப்ப என் பொண்ணுக்குச் சொன்னது?"

நீவெஸ் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று ரொசெல்லாவுக்குத் தோன்றியது. "உங்க கோட்டும் நல்லாருக்கு, மிர்கோ" என்றாள். மிர்கோ முகம் சிவந்து திரும்பிப் போனான். அதன் பிறகு காகித மூட்டை வரவில்லை.

கழுதைகள் குறைந்தன. முதலில் எலியா விட்டான், பிறகு சின்னதுகள். தெக்லா கடைசியாக விட்டாள். ஏப்ரல் முழுக்க அவள் பென்சிலைத் தொடவில்லை. மேசை கழுவினாள். சோப்பு நுரையை வட்டம் வட்டமாகத் தேய்த்து, துடைத்து, மறுபடி முதலிலிருந்து. காயப்பட்டிருக்கிறாளா, இளைப்பாறுகிறாளா என்று ரொசெல்லா கேட்டதற்கு, "மேச சுத்தமா இருக்கு" என்றாள் நீவெஸ். அது மட்டும்தான் அவளுடைய பழைய குரலில் இருந்தது.

ஜூன் மாதம், பள்ளி முடிவதற்குச் சில நாட்கள் முன்பு, தெக்லா ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சட்டம் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏதோ போட்டாள். முடித்ததும் மடித்துத் தன் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் நீட்டவில்லை. நீவெஸ் பார்த்தாள் என்று ரொசெல்லாவுக்குத் தெரியும். படத்தை அல்ல, பையில் போனதைப் பார்த்தாள். அப்படியே போய் அடுத்த குழந்தையிடம் "அழகு" என்றாள்.

அன்று குப்பைத் தொட்டி அருகே ரொசெல்லா வெற்றியோடு சொன்னாள். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. தெக்லாவுக்காகத்தானே? அந்த வார்த்தயச் செல்லாக் காசாக்கிட்ட. மூணு மாசம் ஊர்கிட்டப் பேச்சு வாங்கிக்கிட்டு!"

"தீப்பெட்டி இருக்கா?" என்றாள் நீவெஸ்.

அப்படியென்றால் ஆமாம் என்றுதான் ரொசெல்லா எடுத்துக்கொண்டாள். கோடை முழுக்க அதை நினைத்து மனசு நிறைந்திருந்தது. அட்ரியாட்டிக் கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்துக்கொண்டு தன் தங்கையிடம் முழுதாகச் சொன்னாள். தங்கை கண் கலங்கினாள். செப்டம்பரில் தெக்லா இருக்க மாட்டாள், வேலை முடிந்துவிட்டது, நீவெஸ் பழையபடி ஆகிவிடுவாள் என்று ரொசெல்லா எதிர்பார்த்தாள். பெருஜியாப் பெண்மணிக்கும் மிர்கோவுக்கும் எப்போதாவது உண்மை தெரிய வேண்டும், தானே சொல்ல வேண்டும் என்றுகூட எண்ணியிருந்தாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. புதிதாக வந்த மூன்று வயதுக் குழந்தை ஒன்று, ஆக்நேஸே என்று பெயர், அழுது ஓய்ந்து, அலமாரியிலிருந்து இரண்டு ஜாடிகளை எடுத்து உட்கார்ந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பீன்ஸ் ஊற்றியது. பாதி கீழே. பொறுக்கி மறுபடி ஊற்றியது. யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. அந்த முகத்தைக் கலைக்கக் கூடாது என்று ரொசெல்லாவுக்கேகூடத் தெரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீவெஸைப் பார்த்தாள்.

நீவெஸ் குழந்தைக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியைத் தள்ளிவிட்டு, முழுதாக, நிதானமாகப் பார்த்தாள்.

"அழகு" என்றாள்.

ஓய்வு பெறும் நாள் வரை அவள் அதை விடவில்லை. ஏன் என்று ரொசெல்லா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தீப்பெட்டி இருக்கிறதா என்றுதான் நீவெஸ் கேட்பாள்.